அலாட்மெண்ட்: பங்குத் தோட்டமா, கரைத் தோட்டமா?

இங்கிலாந்தில் இருக்கும் என் தம்பி மகள் போன வருஷம் தொலைபேசியில், “பெரியப்பா, எங்களுக்கு அலாட்மெண்ட் கெடச்சிருச்சு” என்றாள். பக்கத்தில் இருந்த என் மனைவி, “வீடா?” என்று கேட்டாள். தப்பில்லை. திருவையாற்றில் உட்கார்ந்து கேட்டால் அலாட்மெண்ட் என்பது ஹவுசிங் போர்டு வீடு, இல்லாவிட்டால் கவுன்சலிங்கில் கிடைக்கும் கல்லூரி சீட்டு. அவளுக்குக் கிடைத்ததோ உருளைக்கிழங்கும் பீன்ஸும் போட ஒரு துண்டு நிலம். அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று அவள் கேட்டதிலிருந்து வந்ததுதான் இந்தத் தேடல்.

முதலில் பொருள். ஊராட்சியோ நகராட்சியோ ஒரு பெரிய நிலத்தைப் பல துண்டுகளாகப் பிரித்து, குடும்பத்துக்கு ஒன்றாகக் குறைந்த வாடகைக்கு விடுகிறது. துண்டு அவரவர் பாடு. வேலியும் பாதையும் தண்ணீரும் பொது. அந்நாட்டின் 1922-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வரையறையே தருகிறது: வைத்திருப்பவர் தாமே பாடுபட்டு, முழுவதுமாகவோ பெரும்பாலுமோ தம் குடும்பம் சாப்பிடுவதற்காகக் காயும் கனியும் விளைவிக்கும் நிலம். வழக்கமான அளவு, பழைய ஆங்கில நில அளவையில் 10 ராட், அதாவது சுமார் 2,722 சதுர அடி. நம் கணக்கில் 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா. ஆக அவளுடைய மொத்த சாகுபடி 19 குழிக்குக் கொஞ்சம் குறைவு. இதைச் சொன்னதும் ஊரில் பெரியவர் ஒருவர், “நாத்தங்காலுக்கே பத்தாதே” என்றார்.

சொல்லின் வேர் ‘லாட்’. பங்கு பிரிக்கும்போது யாருக்கு எது என்று முடிவு செய்யப் போட்டெடுத்த மரத்துண்டுக்கு அந்தப் பெயர். அப்புறம் அப்படி விழுந்த பங்குக்கே அது பெயராயிற்று. லாட்டரியும் அதே குடும்பம்தான். ஆகவே சொல்லுக்குள்ளே இருப்பது தோட்டம் அல்ல; பங்கும் சீட்டும்.

அகராதி பார்த்து மொழிபெயர்த்தால் ‘ஒதுக்கீட்டுத் தோட்டம்’ வரும். எனக்கு ஒட்டவில்லை. ஒதுக்கீடு என்றதும் காதில் வேறு விவாதம் கேட்கிறது. ஒதுக்குவது என்பதில் தள்ளிவைக்கும் வாடையும் உண்டு. ‘கூட்டுத் தோட்டம்’ என்றால் எல்லாரும் சேர்ந்து உழைத்து விளைச்சலைப் பிரிப்பதாகிவிடும், அது வேறு முறை. ‘கொல்லை’ நல்ல சொல்தான். ஆனால் தஞ்சாவூர்ப் பக்கம் ‘கொல்லைக்குப் போய்விட்டு வருகிறேன்’ என்றால் யாரும் கத்தரிக்காய் பறிக்கப் போவதாக நினைக்க மாட்டார்கள்.

டெல்டாவின் பழைய நிலப் பேச்சில் இதற்கு நெருங்கிய உறவு ஒன்று இருக்கிறது: ‘கரை’. ஆற்றங்கரை அல்ல, கரை என்றால் பங்கு. தஞ்சைச் சீமையில் சில கிராமங்களின் நிலம் முழுவதும் மிராசுதாரர்களுக்குப் பொதுவாக இருந்தது. அதற்குச் ‘சமுதாயம்’ என்றே பெயர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்தைக் கரைகளாகப் பிரித்து மாற்றிக்கொள்வார்கள், அது கரையீடு. தலைமடையில் இருப்பவனே எப்போதும் கொழுக்கக் கூடாது, கடைமடையில் இருப்பவனே எப்போதும் காயக் கூடாது என்பது அதன் கணக்கு. ஒவ்வொரு துண்டும் ஒருவர் பெயரில் பட்டாவாகப் பதிவாகத் தொடங்கிய பிறகு அந்த வழக்கம் மறைந்தது.

சரி, அப்படியென்றால் ‘கரைத் தோட்டம்’ என்று வைத்துவிடலாமே? இரண்டு தடை. ஒன்று, இங்கே அந்தச் சொல்லைக் கேட்டால் காவிரிப் படுகையில் வாழை போட்டிருப்பதாகத்தான் நினைப்பார்கள். இரண்டாவது கொஞ்சம் கசப்பானது. கரை மிராசுதாரருக்குத்தான், சேற்றில் இறங்கியவருக்கு அதில் பங்கு கிடையாது. அலாட்மெண்டோ, பொது நிலங்களெல்லாம் வேலியடைக்கப்பட்டு நிலமிழந்த கூலித் தொழிலாளருக்காக வந்தது. அந்த வகையில் பார்த்தால் அதற்கு நெருக்கமானது, தமிழ்நாட்டில் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தால் விவசாயத் தொழிலாளர்களுக்குச் சொந்தமான குடியிருப்பு மனைகள்தான். கூரையில் பூசணி, பக்கத்தில் அவரைப் பந்தல், ஓரத்தில் முருங்கை.

ஆகவே என் தேர்வு ‘பங்குத் தோட்டம்’. பங்குச்சந்தை நினைவு வந்தால் வரட்டும். பொதுவான சமூகத் தோட்டத்தைச் சொல்ல ‘சமுதாயத் தோட்டம்’ போதும். மேலே பார்த்தபடி அதற்கு இந்த மண்ணிலேயே பழைய ஆதாரம் இருக்கிறது.

அடுத்து அவள் கேட்டது ‘ஆர்கானிக்’. பங்குத் தோட்டம் என்றாலே ஆர்கானிக் என்று நினைத்துக்கொள்கிறார்கள், இரண்டும் வேறு. உறுப்புகள் சேர்ந்து ஓர் உடல் ஆவதுபோல் மண், மாடு, பயிர் எல்லாம் சேர்ந்து பண்ணை ஓர் உயிர் என்பது அந்தச் சொல்லுக்குள் இருக்கும் எண்ணம். 1940-இல் இங்கிலாந்தில் நார்த்போர்ன் பிரபு எழுதிய நூலிலிருந்து அது பரவியது. ‘அங்கம்’ வழியாக நம் அரசு ‘அங்கக வேளாண்மை’ என்கிறது. சான்று தரும் துறையின் பெயரே அங்ககச் சான்றளிப்புத் துறை. ‘உயிர்ம வேளாண்மை’ என்பதும் புழங்குகிறது, எனக்கு அதுதான் பிடிக்கிறது. தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் மக்கள் வாயில் ஊன்றிய சொல் ‘இயற்கை வேளாண்மை’. ‘கரிம வேளாண்மை’ மட்டும் வேண்டாம். அது வேதியியல் வகுப்பின் கரிமம். அந்தக் கணக்கில் யூரியாவும் கரிமச் சேர்மம்தான். 1828-இல் ஜெர்மன் வேதியியலாளர் வோலர் ஆய்வகத்தில் செய்து காட்டினாரே, அதே யூரியா.

கும்பகோணத்துக் கடைத்தெருவில் கீரை விற்கும் அம்மாவுக்கு இந்தச் சொற்கள் எதுவும் தேவைப்படவில்லை. “மருந்தடிக்காத கீரைங்க” என்று சொல்லி விற்கிறார். ஆனால் மருந்து என்பது பூச்சிமருந்து மட்டும். “உரம் போட்டீங்களா?” என்று தனியாகக் கேட்க வேண்டும். கேட்டேன். “ஒரு கை யூரியா போடாம கீரை எப்படிங்க வரும்?” என்றார்.