ஊறுகாய் பாட்டிலில் வந்த கட்டி

எங்கள் நோயியல் லேபுக்கு இந்த மாதத்தில் இப்படி வருவது இது மூன்றாவது. மூடியில் பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் பேனாவில் 'இடது மார்பு' என்று எழுதிய ஊறுகாய் பாட்டில். உள்ளே எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி. ஊற்றியிருப்பது திசுவை அழுகாமல் காக்கும் ஃபார்மலின் இல்லை, வெறும் சலைன் (உப்புநீர்). ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள். மூடியைத் திறந்ததுமே நாற்றம்.

"அம்மாவோட கட்டி மேடம். முழுசா எடுத்தாச்சு. புத்துநோயான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்றான் கொண்டுவந்த பையன்.

அதை ஓரளவு சொல்லிவிடுவேன். அடுத்து எந்த மருந்து கொடுப்பது என்பதைத்தான் சொல்ல முடியாது. அழுகிய திசுவில் சாயம் ஒழுங்காக ஏறாது. அதை நம்பி, மருந்தைத் தீர்மானிக்கும் சோதனையில் நான் 'நெகட்டிவ்' என்று எழுதினால், அந்த அம்மாவுக்குக் கிடைக்க வேண்டிய மாத்திரை கிடைக்காமலே போகும்.

"முன்னாடியே ஊசி பயாப்ஸி எடுக்கலையா தம்பி?"

"ஊசி குத்தினா பரவிடும்னு பெரியப்பா சொன்னார்."

ஊசிக்குப் பயந்தவர்கள் கத்தியை மட்டும் எப்படி நம்புகிறார்களோ! ஊசி போன தடத்தில் நாலைந்து புற்றுச் செல்கள் நகர்ந்து கிடப்பதை மைக்ரோஸ்கோப்பில் நானே பார்த்திருக்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் இடம் மாறிய செல்லெல்லாம் வேர் பிடித்துவிடாது. பெரும்பாலும் அங்கேயே சாகும். மிஞ்சியதைப் பின்னால் வரும் அறுவையும் கதிர்வீச்சும் மருந்தும் பார்த்துக்கொள்ளும். "பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஊசி போட்டு மூணே மாசத்துல நுரையீரலுக்குப் போயிடுச்சே" என்பார்கள். அந்த அக்கா ஒரு வருஷம் யாரிடமும் சொல்லாமல் கட்டியோடு இருந்ததை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஊசி போட்ட அன்றே அது நுரையீரலில் இருந்திருக்கும், ஸ்கேனில் தெரிந்ததுதான் பிறகு. பழி ஊசிக்கு.

பயாப்ஸிக்கான ட்ரூகட் ஊசியில் நூல் கனத்தில் நாலைந்து துண்டு போதும். அதில் ஈஆர், பிஆர் (பெண் ஹார்மோன்களைப் பிடிக்கும் ஏற்பிகள்), ஹெர்2 (செல் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு புரதம்) என்று மூன்றைப் பார்ப்போம். ஈஆர் பாசிட்டிவ் என்றால் ஹார்மோன் மாத்திரை: மாதவிடாய் நிற்காதவர்களுக்குப் பெரும்பாலும் டமாக்ஸிஃபென், நின்றவர்களுக்கு லெட்ரோசோல் போன்றவை, குறைந்தது 5 வருடம். (விலை மலிவு என்பதாலோ என்னவோ, பலர் அதை ஒரு மருந்தாகவே மதிப்பதில்லை. பாதியில் நிறுத்தாதீர்கள்.) ஹெர்2 பாசிட்டிவ் என்றால் கீமோவோடு அதைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து, வழக்கமாக 1 வருடம். ஹெர்2 '2+' (இரண்டுங்கெட்டான்) என்று வந்தால் ஃபிஷ் என்ற ஜீன் பரிசோதனையும் செய்தாக வேண்டும். மூன்றும் நெகட்டிவ் என்றால் ஹார்மோன் மாத்திரைக்கு வேலையில்லை, முக்கியமாகக் கீமோதான். ஹெர்2 பாசிட்டிவ், மூன்றும் நெகட்டிவ் என்ற இந்த இரண்டு வகையிலும் கட்டி 2 செ.மீ.க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் கீமோவை அறுவைக்கு முன்பே கொடுப்பார்கள். கட்டி உள்ளே இருந்தால்தானே மருந்துக்குக் கரைகிறதா என்று பார்க்க முடியும்? பாட்டிலுக்கு வந்தபின் எதைப் பார்ப்பது?

முழு மார்பையும் எடுத்தால்தான் உயிருக்குப் பாதுகாப்பு என்ற பயமும் வேண்டாம். ஆரம்ப நிலையில் கட்டியைச் சுற்றுத் திசுவோடு எடுத்து, கதிர்வீச்சு கொடுத்தாலும் ஆயுள் குறைவதில்லை. இத்தாலியிலும் அமெரிக்காவிலும் 20 வருடம் பார்த்து 2002-லேயே வெளியிட்டுவிட்டார்கள்.

மார்பில் கட்டி தட்டுப்பட்டால் "கட்டிதானே, எடுத்துடலாம்" என்பவரிடம் உடனே ஆபரேஷனுக்குச் சம்மதிக்காதீர்கள். ஸ்கேன், மேமோகிராம், ஊசி பயாப்ஸி, அப்புறம்தான் கத்தி. ரிப்போர்ட்டுக்காக ஒன்றிரண்டு வாரம் காத்திருப்பதால் கெட்டுப்போகாது. உங்கள் திசுவை மெழுகில் பதித்த பாரஃபின் பிளாக்கைக் கேட்டு வாங்கி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் மருந்துச் சீட்டோடு உங்களுடையதை ஒப்பிடாதீர்கள், அவர் கட்டி வேறு.

சின்ன ஊர்களில் ஆபரேஷன் செய்யும் டாக்டர்களுக்கு: ஃபார்மலின் இல்லையென்றால் லேபுக்கு ஒரு போன் போடுங்கள். பாட்டிலோடு ஆள் அனுப்புகிறோம், காசு வேண்டாம்.

அந்த அம்மாவுக்கு அக்குளில் ஒரு நெறிக்கட்டி மிச்சமிருந்தது. கடைசியில் அதில்தான் ஊசி போட்டு எடுத்தோம். ஈஆர் பாசிட்டிவ். ரிப்போர்ட் வாங்கப் பெரியப்பாவே வந்திருந்தார்.