உடம்பு நன்றாக இருக்கும் நாளில்தான் கவனம் வேண்டும்

பொங்கல் முடிந்த வாரத்தில் எங்கள் ஃபிசியோதெரபி அறைக்கு வரும், முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி வலிக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) உள்ள பெண்களிடம் வருடாவருடம் ஒரே கதைதான் கேட்கிறேன். மணிக்கட்டு வீங்கியிருக்கும், விரல்கள் மடங்காது. என்ன ஆயிற்று என்று கேட்டால், "அன்னைக்கு உடம்பு நல்லா இருந்துச்சு மேடம், அதான் ஒட்டடை அடிச்சு, பரண் சாமான் எல்லாம் இறக்கித் துடைச்சு ஒரே நாள்ல முடிச்சிட்டேன்" என்பார்கள். அப்புறம் நாலைந்து நாள் படுக்கை. இந்த வருடமும் அதையேதான் கேட்டேன். அலுத்துப்போய் எழுதுகிறேன்.

நோய் அடங்கியிருப்பதால்தான் அன்று உடம்பு நன்றாக இருக்கிறது. நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் நம் வீடுகளில் ஓய்வு என்றாலே வேலை எல்லாம் முடித்து, களைத்து விழுந்தபின் கிடைக்கும் கூலி என்றுதான் நினைக்கிறார்கள். களைக்காமல் உட்கார்ந்தால் சோம்பேறி. இந்த எண்ணம்தான் என் நோயாளிகளைப் படுத்துகிறது. முடக்குவாதத்தில் வரும் அசதி, ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் தீரும் அசதி இல்லை. மூட்டில் மட்டுமல்ல, உடம்பு முழுக்க அழற்சி இருக்கிறது. வலியால் தூக்கமும் கெடுகிறது. களைத்தபின் எடுக்கும் ஓய்வு இங்கே போதாது. களைப்பதற்கு முன்பே உட்கார வேண்டும். நன்றாக இருக்கும் நாளிலும்தான்!

எவ்வளவு நேரம் நின்றால் வலி தொடங்குகிறது என்று சில நாள் கவனியுங்கள். இருபது நிமிடம் என்றால் பதினைந்தாவது நிமிடமே உட்காருங்கள். வேலை பாதியில் நிற்கட்டும். காய் நறுக்குவதை உட்கார்ந்தே செய்யுங்கள். குக்கரை இரண்டு கையாலும் தூக்குங்கள். ஈரத்துணியைப் பிழிய வேண்டாம், சொட்டச் சொட்டவே காயட்டும். பண்டிகைக்கு ஒரு நாளைக்கு ஓர் அறை போதும். முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெதோட்ரெக்சேட் மருந்து எடுப்பவர்களில் சிலருக்கு மறுநாள் சோர்வாக இருக்கும். அந்த நாளில் வெளிவேலை வைத்துக்கொள்ளாதீர்கள். அதற்காக நாள் முழுக்கப் படுத்தே கிடக்கவும் கூடாது, சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை அளவாகச் செய்யத்தான் வேண்டும்.

எம்.இ. என்கிற நாள்பட்ட சோர்வு நோய் உள்ளவர்களுக்கு இதிலும் விதிவிலக்கு உண்டு. உழைப்பின் விளைவு அவர்களுக்கு ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூட வரும். கொஞ்சம் கொஞ்சமாகப் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகும் முறையை அவர்களுக்குத் தரக்கூடாது என்று, சிகிச்சை முறைகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் 2021இலேயே சொல்லிவிட்டது. பயிற்சி கொடுப்பதே தொழிலான நாங்கள் முதலில் இதை மனதில் வைக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோயுள்ளவர் உட்கார்ந்தால், "நேத்து நல்லாத்தானே இருந்தே?" என்று கேட்காதீர்கள், தயவுசெய்து. எழுந்துபோய் மீதிப் பாத்திரத்தைக் கழுவுங்கள்.

அளவோடு வேலை செய்தும் அசதி கூடிக்கொண்டே போனால் சகித்துக்கொண்டு இருக்காதீர்கள். ரத்தசோகை இருக்கலாம், தைராய்டு கோளாறு இருக்கலாம், மருந்தின் அளவு போதாமலும் இருக்கலாம். பலர் டாக்டரிடம் வலியை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். அவர் கேட்காவிட்டாலும் அசதியையும் சொல்லுங்கள்.