செட்பேக்: பின்னடைவா, பின்விலகலா?

ரோடு பைக்கில் (தார்ச்சாலையில் வேகமாக ஓட்டும் சைக்கிளில்) சீட்டின் உயரத்துக்கு அடுத்து எடுக்க வேண்டிய அளவு செட்பேக். பிபி (பாட்டம் பிராக்கெட்) ஆக்சில், அதாவது இரு பெடல் கைகளையும் இணைக்கும் அச்சு; அதன் மையத்தில் ஒரு செங்குத்துக் கோடு நிறுத்தினால், அதற்கு எத்தனை மில்லிமீட்டர் பின்னால் சீட்டின் மூக்கு (முன் நுனி) இருக்கிறது என்பதுதான் அது. கிடைமட்டத் தூரம் மட்டுமே கணக்கு.

ஆங்கிலத்தில் ‘பின்னே வை’ என்ற வினையிலிருந்து வந்த பெயர். தடங்கல், சறுக்கல் என்றும் அதற்குப் பொருள் இருப்பதால் அகராதியைப் பார்த்துப் ‘பின்னடைவு’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘சீட் பின்னடைவு 60’ என்றால் தேர்தல் முடிவு மாதிரி இருக்கிறது! வீடு கட்டுவோர் மனை எல்லையிலிருந்து விடும் செட்பேக்தான் இதற்கு நெருங்கிய பொருள்: ஒரு கோட்டைவிட்டு விலகி நிற்பது. ஆகவே ‘பின்விலகல்’ பொருந்தும். டிரையத்லான் பைக்குகளில் மூக்கு பிபிக்கு முன்னாலும் வரும். அதை ‘முன்விலகல்’ என்றால் கழித்தல் குறியே வேண்டாம்.

அளக்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். மூக்கின் நடுவிலிருந்து நூலை விட்டால் சட்டத்தின் மேல்குழாயான டாப் டியூபில் இடிக்கும். அதனால் மூக்கின் நுனியை ஒட்டிக் குறுக்காக ஒரு ஸ்கேலை மட்டமாகப் பிடித்து, கிராங்குக்கு (பெடல் கைக்கு) வெளியே நூலைத் தொங்கவிடுங்கள். ஆக்சில் மையத்திலிருந்து நூல்வரை அளந்தால் விடை. தூக்குக்குண்டு இல்லையா? பின்சக்கரத்தைச் சுவரில் முட்டவைத்து, சுவரிலிருந்து பிபி மையம் 740 மி.மீ., மூக்கு 680 மி.மீ. என்றால் பின்விலகல் 60.

இரண்டு சக்கர மையங்களும் ஒரே மட்டத்தில் இருப்பது முக்கியம். வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே ஓட்ட உதவும் டிரெய்னரில் பின்பக்கம் 20 மி.மீ. தூக்கியிருந்தால் அளவு சுமார் 14 மி.மீ. குறைத்துக் காட்டும். உயரத்தை முதலில் முடித்துவிடுங்கள்: சீட் குழாய் 73 பாகை சாய்ந்த சட்டத்தில் சீட்டை 10 மி.மீ. ஏற்றினால் அதுவே 3 மி.மீ. பின்னால் போய்விடும்.

பெரும்பாலோர் ஏமாறுவது சீட்டை மாற்றும்போது. 275 மி.மீ. சீட்டைக் கழற்றிவிட்டு 245 மி.மீ. குட்டைமூக்குச் சீட்டைப் பழைய எண்ணுக்கே பொருத்தினால், உட்காரும் இடம் முன்னால் வந்துவிடும். கையில் பாரம் ஏறும். சீட்டின் அகலம் 80 மி.மீ. ஆகும் இடத்தைக் குறித்துக்கொண்டு அங்கிருந்து அளப்பதே நம்பகம்.

சீட்டைத் தாங்கும் தண்டான சீட் போஸ்டிலும் ‘செட்பேக் 20’ என்று போட்டிருப்பார்கள். அது, சீட்டைப் பிடிக்கும் கிளாம்ப், தண்டின் மையத்தைவிட்டு எவ்வளவு பின்னால் இருக்கிறது என்பது மட்டுமே. ‘போஸ்ட் விலகல்’ என்று தனியாகச் சொன்னால் கடையில் குழப்பம் வராது.