காயத்துக்குள் விதைத்துவிட்டுப் போன காற்று

"டொர்னாடோ ஒரு ஊரைக் கடந்து போக சில நிமிடம்தான் ஆகும் என்கிறீர்கள். அப்படியானால், அதில் பிழைத்து ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சேர்ந்தவர்கள் இரண்டு வாரம் கழித்துச் சாவது எதனால்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தலையில் அடி, நுரையீரலில் சளி, சீழ், சிறுநீரகம் கைவிடுவது என்று பொதுவான பதில்கள் உண்டு. அவை எல்லா விபத்துக்கும் பொருந்தும். ஜாப்ளின் நகரத்தில் நடந்தது அப்படிப்பட்டதல்ல.

டொர்னாடோ என்றால் நம் ஊர்ப் புயல் இல்லை. வங்கக் கடலில் உருவாகும் புயல் பல நூறு கிலோமீட்டர் அகலம். பெயர் வைத்து, கூண்டு ஏற்றி, நாலு நாள் காத்திருக்கலாம். டொர்னாடோ ஒரே ஒரு இடிமேகத்தின் வயிற்றிலிருந்து தரைக்கு இறங்கும் சுழல். பெரும்பாலானவை சில நூறு மீட்டர் அகலம்கூட இருக்காது. எச்சரிக்கைக்குக் கிடைப்பது நிமிடக் கணக்கு.

ஜாப்ளின், அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் சுமார் 50,000 பேர் வாழும் ஊர். 2011 மே 22, ஞாயிற்றுக்கிழமை. உயர்நிலைப் பள்ளிப் பட்டமளிப்பு விழா முடிந்து பிள்ளைகளும் பெற்றோரும் வீடு திரும்பிக்கொண்டிருந்த நேரம். மாலை 5.11க்கு ஒரு முறை சங்கு ஊதியது, 5.38க்கு மறுபடியும் ஊதியது. அதற்குள் சுழல் ஊருக்குள் வந்துவிட்டது. காற்றின் வேகம் மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல். சில இடங்களில் ஒன்றரைக் கிலோமீட்டர் அகலம், மொத்தம் 35 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டையை உழுதுவிட்டுப் போனது. 158 பேர் நேரடியாக அதில் இறந்தார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 1947க்குப் பிறகு அமெரிக்காவில் ஒரே டொர்னாடோவில் இத்தனை பேர் செத்ததில்லை. ஊரின் பெரிய மருத்துவமனைகளில் ஒன்றே நேரடியாக அடிபட்டு, பயன்படுத்த முடியாமல் போனது.

பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. வெளிச்சுவரிலிருந்து எவ்வளவு உள்ளே, எவ்வளவு தாழ்வாக இருக்க முடியுமோ அங்கே ஒண்டிக்கொண்டார்கள். ஜன்னல் இல்லாத குளியலறை, துணி அலமாரி, நிலவறை. ஒரு பெட்ரோல் பங்கை ஒட்டிய கடையில் சுமார் இருபது பேர் பானங்களைக் குளிர வைக்கும் அறைக்குள் புகுந்து தப்பினார்கள். சுற்றிலும் கடை நொறுங்கியது, அந்தப் பெட்டி நின்றது.

ஆனால் காற்று வெறும் காற்றாக வருவதில்லை. 320 கிலோமீட்டர் வேகத்தில் அது மேல்மண்ணைச் சுரண்டி, ஜல்லி, கண்ணாடி, மரச்சிராய், கூரைத் தகரம் எல்லாவற்றையும் கலந்து ஒரு குழம்பாகச் சுழற்றுகிறது. அன்று மருத்துவமனைக்கு வந்தவர்கள் தலை முதல் கால் வரை சேறு அப்பியிருந்தார்கள். காயங்களுக்குள் மண், கல், மரத்துண்டு. சிறு வயதில் கருவேல முள் குத்தி நுனி உள்ளேயே ஒடிந்துகொண்ட அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும். ஊக்கால் தோண்டித் தோண்டித் தாத்தா எடுத்த பிறகும் இரண்டு நாளில் அந்த இடம் வீங்கும். அந்த முள்ளை ஒரு விரல் தடிமனாக்கி, தொடைக்குள் எலும்பு வரை செலுத்தினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒன்றல்ல, ஐந்து இடத்தில்.

ஜூன் 3. சுகாதாரத் துறைக்கு ஒரு மருத்துவர் தகவல் சொல்கிறார்: டொர்னாடோவில் காயம்பட்ட இரண்டு நோயாளிகளின் புண்ணில் பூஞ்சை வளர்வதாகச் சந்தேகம், சதை வேகமாக அழுகிக்கொண்டிருக்கிறது. தேடிப் பார்த்ததில் எண்ணிக்கை 13 ஆனது. அவர்களில் 5 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அதுவரை ஆரோக்கியமாக இருந்தவர்கள். 13 பேரும் சேதம் மிக மோசமான பகுதியில் அகப்பட்டவர்கள். காயங்கள் எத்தனை கூடுதலோ, எத்தனை ஆழமாகக் குத்தியிருந்ததோ, அத்தனைக்கு இந்தத் தொற்று வர வாய்ப்பும் கூடியிருந்தது.

நோயின் பெயர் ம்யூகோர்மைகோசிஸ். ஆமாம், 2021இல் கோவிட் இரண்டாம் அலையின்போது நம்மை நடுங்க வைத்த அதே 'கறுப்புப் பூஞ்சை' தான். வெங்காயத் தோலில் உள்ள கறுப்புப் பொடிதான் அது என்று வாட்ஸ்அப்பில் ஒரு புரளி ஓடியது நினைவிருக்கலாம். பாவம் வெங்காயம். அதன்மேல் வருவது வேறு குடும்பத்துப் பூஞ்சை. தவிர, கறுப்புப் பூஞ்சை என்பதே தப்பான பெயர். பூஞ்சை கறுப்பு இல்லை, அது கொன்று போட்ட சதைதான் கறுப்பு.

அந்தக் கொலை எப்படி நடக்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு. கெட்ட வியப்பு என்றாலும் வியப்புதான்.

இந்தக் குடும்பத்துப் பூஞ்சைகளின் வித்துகள் மண்ணில், சருகில், அழுகும் பழத்தில் எங்கும் உண்டு. நாம் தினமும் மூச்சில் இழுக்கிறோம். நல்ல உடம்பில் வெள்ளணுக்கள் அவற்றை முளைக்க விடுவதில்லை. போதாததற்கு நம் உடம்பு இன்னொரு காரியமும் செய்கிறது, இரும்பை ஒளித்து வைக்கிறது. ஏறக்குறைய எந்தக் கிருமிக்கும் வளர இரும்பு வேண்டும். நம் ரத்தத்தில் இரும்புக்குப் பஞ்சமில்லை, ஆனால் அதில் பெரும்பகுதி சிவப்பணுக்களுக்குள் அடைபட்டிருக்கிறது. ரத்த நீரில் இருப்பதை ட்ரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கிறது. ரத்தத்தில் அமிலம் ஏறினால் அந்தப் பிடி தளரும். கட்டுப்படாத சர்க்கரை நோயில் இது நடப்பதால்தான் சர்க்கரை நோயாளிகளை இந்தப் பூஞ்சை அதிகம் பிடிக்கிறது. நசுங்கிய சதையிலும் ரத்த ஓட்டம் இல்லாமல் அமிலம் சேர்கிறது. அதாவது, முளைக்கத் தோதான ஒரு பாத்தியை வெட்டி, வித்தையும் ஊன்றி, மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போயிருக்கிறது காற்று.

முளைத்த வித்திலிருந்து அகலமான, நாடா போன்ற இழைகள் கிளம்புகின்றன. மற்ற பல கிருமிகள் சதைக்குள் பரவும்போது இவை ரத்தக்குழாயைத் தேடிப் போகின்றன. இதே குடும்பத்து ரைசோபஸ் பூஞ்சையில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். ரத்தக்குழாயின் உள்சுவர் செல்களில் ஜிஆர்பி78 என்ற புரதம் இருக்கிறது. பூஞ்சையின் மேல் இருக்கும் இன்னொரு புரதம் அதைப் பற்றிக்கொள்கிறது, செல் அதை உள்ளே விடுகிறது. சர்க்கரையும் இரும்பும் கூடினால் ஜிஆர்பி78உம் கூடும், கதவுகள் பெருகும். குழாய்ச் சுவர் சேதமானதும் அங்கே ரத்தம் உறைகிறது, குழாய் அடைபடுகிறது.

இனிமேல்தான் சூழ்ச்சி. தலைமடையில் வாய்க்காலை அடைத்தால் கடைமடை காயும், இல்லையா? அடைபட்ட குழாய்க்கு அப்பால் இருக்கும் சதை ரத்தமில்லாமல் சாகிறது. ரத்தம் போகாத இடத்துக்கு வெள்ளணுவும் போக முடியாது. ஊசி வழியாக ஏற்றிய மருந்தும் அதே வாய்க்காலில்தான் வர வேண்டும், அதுவும் போகாது. எதிர்ப்பும் இல்லை, மருந்தும் இல்லை, சுற்றிலும் செத்த சதை. பூஞ்சைக்கு இதைவிடப் பந்தி வேண்டுமா? அங்கே தின்று பெருத்து அடுத்த குழாயைப் பிடிக்கிறது. தனக்கு வேண்டிய நிலத்தைத் தானே தரிசாக்கிக்கொண்டு முன்னேறும் உயிர் அது.

அதனால்தான் இந்த நோய்க்கு மாத்திரையைவிடக் கத்தி முக்கியம். செத்த சதையை வெட்ட வேண்டும், வெட்டிய இடத்தில் பச்சை ரத்தம் கசிகிற வரை வெட்ட வேண்டும், மறுநாள் திறந்து பார்த்து மறுபடியும் வெட்ட வேண்டும். கூடவே ஆம்ஃபோடெரிசின்-பி. இந்த மருந்து, பூஞ்சையின் செல் உறையில் உள்ள எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பைப் பிடித்து அதைக் குலைக்கிறது. நம் செல்களில் அதற்கு ஒன்றுவிட்ட உறவான கொலஸ்ட்ரால் இருப்பதால் சிறுநீரகத்தையும் கொஞ்சம் பதம் பார்க்கும். வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றங்கரை மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்த மருந்து அது. ஒரு மண் கொடுத்த நோய்க்கு இன்னொரு மண் கொடுத்த மருந்து.

சரி, ஜாப்ளின் பூஞ்சை எது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அது அபோஃபைசோமைசஸ் என்ற பேரினத்தைச் (நெருங்கிய இனங்களின் தொகுதி) சேர்ந்தது. இந்தப் பேரினம் ஆய்வகத்திலும் அடங்காது. சத்துள்ள ஊட்டத்தில் வளர்த்தால் வெள்ளைப் பஞ்சாகப் பொங்கிப் பெருகும், ஆனால் வித்து விடாது. வித்துப்பையைப் பார்த்தால்தான் நுண்ணோக்கியில் பெயர் சொல்ல முடியும். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள், பட்டினி போடுவது. வளர்ந்த ஊட்டத்தில் ஒரு சிறு துண்டை வெட்டி, சத்து மிகக் குறைவான நீரில் மிதக்க விட்டால், பத்துப் பன்னிரண்டு நாளில், பிழைப்பு நடக்காது என்று தெரிந்ததும், காம்பின் உச்சியில் புனல் போல அழகாக விரிந்த பகுதியின் மேல் வித்துப்பையைத் தூக்கிக் காட்டும். ஜாப்ளினில் மரபணு வரிசையையும் படித்தார்கள். 13 பேரிடமும் இருந்தது அபோஃபைசோமைசஸ் ட்ரபீஸிஃபார்மிஸ். வித்து சரிவக வடிவில் இருப்பதால் அந்தப் பெயர்.

அந்தப் பெயர் வைக்கப்பட்டது 2010இல், டொர்னாடோவுக்குச் சரியாக முந்தைய ஆண்டு. அதற்கு முன் இந்தப் பேரினத்தில் அபோஃபைசோமைசஸ் எலிகன்ஸ் என்ற ஒரே இனத்தின் பெயரில்தான் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். எலிகன்ஸ் எங்கே கிடைத்தது தெரியுமா? வட இந்தியாவில், ஒரு மாந்தோப்பின் மண்ணில். 1979இல் இந்திய ஆய்வாளர்கள் மூவர் அதை விவரித்து எழுதினார்கள். மாந்தோப்பு மண்ணில் ஒரு புதுப் பூஞ்சை, அதன் காம்பின் உச்சி புனல் மாதிரி இருக்கிறது. இதனால் யாருக்கு என்ன பயன் என்று அன்று ஒரு நிதிக்குழு கேட்டிருந்தால் அவர்களால் ஒரு பதிலும் சொல்லியிருக்க முடியாது. பூஞ்சைகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு எதற்குச் சம்பளம் என்று இன்றும் கேட்கிறார்கள். வகைப்பாட்டியல் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுப் போக, அந்த நாற்காலிகள் காலியாகவே கிடக்கின்றன. எனக்கு இதில் நடுநிலை எல்லாம் கிடையாது. பெயர் இல்லாத எதிரியை எந்த மருந்தால் அடிப்பது?

மரபணு வரிசை இன்னொன்றும் சொன்னது. 13 பேரின் பூஞ்சைகளும் ஒரே இனம் என்றாலும் நான்கு தனித்தனிக் கிளைகளைச் சேர்ந்தவை. ஒரு மருத்துவமனையின் கட்டுத் துணியிலிருந்தோ கருவியிலிருந்தோ பரவியிருந்தால் எல்லாம் ஒன்று போலவே இருந்திருக்க வேண்டும். ஆக, தொற்று ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகவில்லை, ஒவ்வொருவரும் அதை மண்ணிலிருந்து தனித்தனியாக வாங்கிக்கொண்டு வந்தவர்கள்.

டொர்னாடோதான் வேண்டும் என்றில்லை. 1985இல் கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலையின் சேற்று வெள்ளம் ஆர்மேரோ நகரை மூடியபோது பிழைத்தவர்களுக்கும் ம்யூகோர்மைகோசிஸ் வந்தது. 2004 சுனாமியில் இலங்கையில் காயம்பட்ட ஒருவருக்கு வந்தது. தாய்லாந்தில் காயம்பட்ட ஒருவரிடம் கிடைத்தது மாந்தோப்பு எலிகன்ஸ் என்றே அன்று பதிவானது.

இப்போது நம் ஊர் விஷயம் ஒன்று. லாரி விபத்தில் ரோட்டோரம் விழுந்து, மண்ணோடு கிழிந்த காலுடன் வருகிறவரை மருத்துவர் கழுவி, செத்த சதையை வெட்டி, தைக்காமல் ஈரத் துணி வைத்துக் கட்டி அனுப்பினால் உறவினர்களுக்குக் கோபம் வரும். "தையல் கூடப் போடலைங்க, இப்படியே விட்டுட்டாங்க" என்பார்கள். ஜாப்ளினில் அன்றிரவு கூட்டத்திலும் இருட்டிலும் அவசரமாகத் தைத்து மூடிய காயங்கள் பல உண்டு. அவற்றில் சிலவற்றை அப்புறம் பிரித்து, உள்ளே இருந்த சிராயையும் கல்லையும் எடுக்க வேண்டி வந்தது. அழுக்குக் காயத்தைத் திறந்தே வைத்து, நாலைந்து நாள் கழித்துச் சதை சிவப்பாக, சுத்தமாக இருப்பதைப் பார்த்த பிறகு தைப்பது என்பது போர்க்கள மருத்துவர்கள் முதல் உலகப் போரிலேயே கற்றுக்கொண்ட வழக்கம்.