விரலுக்கு முன்னே ஓடும் மனம்

ஒரு வாசகர் எழுதியிருந்தார்: "பெர்லினில் ஒரு முதியவர் ஆர்க்கெஸ்ட்ராவோடு பியானோ வாசிக்கும் காணொளியைப் பார்த்தேன். தொண்ணூறு வயதுக்கு மேல் என்கிறார்கள். என் அப்பாவுக்கு எழுபத்திரண்டு. சட்டைப் பொத்தானைப் போடவே கை தடுமாறுகிறது. அந்தக் கைக்கு மட்டும் வயதாகாதா?"

அவர் பார்த்தது மெனஹெம் பிரஸ்லராக இருக்கவேண்டும். 1923இல் பிறந்தவர். 2014 டிசம்பர் 31 அன்று பெர்லின் பில்ஹார்மோனிக் குழுவோடு மோட்சார்ட்டின் 23ஆவது பியானோ கான்செர்ட்டோவை (தனி வாத்தியமும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் உருப்படி) வாசித்தபோது அவருக்கு வயது 91. இந்த வரிசையில் அவர் தனி ஆள் இல்லை. பியானோ கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைன் தன் கடைசிக் கச்சேரியை 1976இல் லண்டன் விக்மோர் ஹாலில் வாசித்தார், வயது 89. போலந்தில் வேர்கொண்ட இன்னொருவர், மியெச்சிஸ்வாஃப் ஹொர்ஷாவ்ஸ்கி, 1991இல் பிலடெல்பியாவில் மேடையேறியபோது அவருக்கு 99.

கேள்விக்குப் பதில்: அந்தக் கைக்கும் வயதாகிறது. பொத்தான் போடும்போது அவர்களும் தடுமாறலாம். எனக்கு இந்த விஷயத்தில் ஆசை பிறந்ததே அதனால்தான்.

முதலில் வாத்தியத்தைச் சொல்லிவிடுகிறேன். பியானோவின் ஒரு கட்டையை அழுத்த ஐம்பது கிராம் எடையளவு விசை போதும். கட்டை ஒரு சென்டிமீட்டர் இறங்கும். அதற்குள் உள்ளேயிருக்கும் சுத்தியல் விடுபட்டு, தானாகப் பறந்துபோய்த் தந்தியைத் தட்டிவிட்டுத் திரும்பும். சத்தம் பெரிதா சிறிதா என்பதைச் சுத்தியலின் வேகம் தீர்மானிக்கிறது. பாடகருக்கு மூச்சு வேண்டும், எக்காளம் ஊதுபவருக்கு உதடும் பல்லும் வேண்டும். பியானோக்காரருக்கு அந்தக் கவலை இல்லை. தோளிலிருந்து கையின் எடையை இறக்கத் தெரிந்தால் வலுவைப் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டாம்.

சிக்கல் வலுவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. வயதாக ஆக நரம்பில் செய்தி செல்லும் வேகம் குறைகிறது, விரல் நுனியின் உணர்வு மங்குகிறது. விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்து என்றால் இருபது வயதுக்காரரைவிட எழுபது வயதுக்காரர் தாமதமாகத்தான் அழுத்துவார். இதில் யாருக்கும் விலக்கு கிடையாது.

ஆனால் வேகமான இசையில் இளைஞராலும் அப்படிப் பார்த்துப் பார்த்து வாசிக்க முடியாது. அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லி 1951இல் இதைக் கணக்காகவே சொன்னார். கைதேர்ந்த ஒருவரின் விரல்கள் விநாடிக்குப் பதினாறு முறை வரை தட்டக்கூடும். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே அறுபது மில்லி விநாடிதான். 'இந்தக் கட்டையைத் தொட்டுவிட்டேன்' என்று விரல் மூளைக்குச் சொல்லி, மூளை யோசித்து, 'அடுத்ததைத் தொடு' என்று திருப்பிச் சொல்ல நூறு மில்லி விநாடிக்கு மேல் ஆகும். செய்தி போய்த் திரும்புவதற்குள் அடுத்த விரல் தன் வேலையை முடித்திருக்கும். அப்படியானால் கட்டளைகள் ஒவ்வொன்றாகப் போவதில்லை, கட்டாகக் கட்டி முன்கூட்டியே அனுப்பப்படுகின்றன. விரல் இப்போது தொடும் சுரம் மனத்துக்குப் பழைய செய்தி. மனம் நாலைந்து சுரம் தள்ளி அடுத்த கட்டளைத் தொகுப்பை அடுக்கிக்கொண்டிருக்கிறது.

இந்த இடைவெளியை அளந்துகாட்டிய சோதனை பியானோவில் நடந்ததல்ல, தட்டச்சில். எனக்குத் தெரிந்த அழகான சோதனைகளில் அது ஒன்று. 1984இல் உளவியலாளர் டிமதி சால்ட்ஹவுஸ் 19 முதல் 72 வயது வரையிலான தட்டச்சர்களை அழைத்தார். ஓர் எழுத்தைக் காட்டி அதற்குரிய விசையை அழுத்தச் சொன்னால், ஒவ்வொன்றுக்கும் அரை விநாடிக்கு மேல் ஆனது. முதியவர்களுக்கு இன்னும் கூடுதல். ஆனால் தொடர்ந்து ஒரு பத்தியைத் தட்டச்செய்தால், எழுத்துக்கு எழுத்து சராசரியாக 0.18 விநாடிதான். அதில் முதியவர்கள் இளையவர்களுக்குப் பின்தங்கவேயில்லை! எப்படி? திரையில் ஒரு நேரத்தில் எத்தனை எழுத்து தெரியலாம் என்பதைக் கட்டுப்படுத்திப் பார்த்தார். ஒரே எழுத்து தெரிந்தபோது எல்லோரும் நொண்டினார்கள். மூன்று, ஐந்து, ஏழு என்று சாளரத்தைத் திறக்கத் திறக்க வேகம் ஏறியது. இளையவர்களின் வேகம் ஓர் அளவுக்குமேல் ஏறாமல் நின்றது. முதியவர்களுக்கு அதையும் தாண்டிக் கூடுதல் எழுத்துகள் தெரியவேண்டியிருந்தது. அவர்கள் விரலுக்கு வெகு தொலைவு முன்னால் படித்துக்கொண்டிருந்தார்கள். மெதுவாகிவிட்ட உடம்புக்கு முன்னதாகவே கிளம்பிவிட்டார்கள், அவ்வளவுதான். தொடர்வண்டியைப் பிடிக்கப் பேரன் ஐந்து நிமிடம் முன் ஓடுவான், தாத்தா முக்கால் மணி நேரம் முன் கிளம்புவார்; இருவரும் ஏறுவது ஒரே வண்டியில்.

பியானோக்காரர்களையும் அளந்திருக்கிறார்கள். பெர்லினில் உளவியலாளர்கள் ரால்ஃப் கிராம்பேயும் ஆண்டர்ஸ் எரிக்சனும் அறுபது வயதையொட்டிய தொழில்முறைக் கலைஞர்களையும், அதே வயதில் பொழுதுபோக்காக வாசிப்பவர்களையும், இளைஞர்களையும் ஒப்பிட்டு 1996இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பொதுவான வேகச் சோதனைகளில் முதிய கலைஞர்களும் அவர்கள் வயதுக்காரர்களைப் போலவே மந்தப்பட்டிருந்தார்கள். வாத்தியத்தோடு தொடர்புள்ள விரல் வேலையில் மட்டும் அவர்களுக்கும் இளம் கலைஞர்களுக்கும் இடையே வேறுபாடு சுருங்கியது. யாருக்கு எவ்வளவு சுருங்கியது என்பதை, கடந்த பத்தாண்டுகளில் விடாமல் செய்த சாதகத்தின் அளவு பெரிதும் சொல்லிவிட்டது. பழைய சேமிப்பு மட்டும் போதாது, அன்றாடக் கூலி தேவை.

ரூபின்ஸ்டைன் தன் வழியைத் தானே சொல்லியிருக்கிறார். எண்பது வயதில் தொலைக்காட்சிப் பேட்டியொன்றில் அவர் சொன்னதை ஜெர்மன் உளவியலாளர் பால் பால்டெஸ் தன் முதுமைக் கோட்பாட்டுக்கே உதாரணமாக எடுத்துக்கொண்டார். உருப்படிகளைக் குறைத்துக்கொண்டேன், அவற்றை அடிக்கடி சாதகம் செய்கிறேன் என்பவை முதல் இரண்டு. மூன்றாவதுதான் விசேஷம். வேகமான பகுதி வருவதற்கு முன்னால் வேகத்தைக் கொஞ்சம் தணித்துவிடுவாராம்.

இது ஏமாற்று வேலை அல்ல. காது வேகத்தை விகிதமாகத்தான் கேட்கிறது. நம் கர்நாடக இசையில் முதல் காலத்திலிருந்து இரண்டாம் காலத்துக்குப் போகும்போது நாம் உணர்வது 'இரட்டிப்பு' என்பதைத்தானே, நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பதையா? நிமிடத்துக்கு 100 தட்டில் போய்க்கொண்டிருந்து 150க்குத் தாவினால் ஒன்றரை மடங்கு. அந்த 100ஐ 90 ஆக்கிவிட்டால், 135 போதும், அதே ஒன்றரை மடங்கு. விரலுக்குப் பதினைந்து தட்டு மிச்சம், கேட்பவருக்கு அதே பாய்ச்சல். ரூபின்ஸ்டைன் பேர்பெற்றது போலந்து இசையமைப்பாளர் ஷோபனின் இசையில். காலத்தை இழுத்தும் தளர்த்தியும் வாசிக்க அந்த இசையிலேயே இடமுண்டு. எனவே தணிவு தணிவாகத் தெரியாது, உணர்ச்சி வெளிப்பாடாகத் தெரியும்.

இங்கே என் ஆதங்கத்தையும் சொல்லவேண்டும். ஒரே மனிதர்களை இருபது, முப்பது ஆண்டுகள் தொடர்ந்து அளந்தால்தான் முதுமையைப் பற்றி உருப்படியாக ஏதாவது தெரியவரும். மூன்றாண்டு நிதியில் அது நடக்காது. இந்தியாவில் 2017-18இல் 45 வயதுக்கு மேற்பட்ட 72,000க்கும் அதிகமானோரை வைத்து ஒரு நெடுங்கால ஆய்வு தொடங்கியது. அதைக் காசு இல்லை என்று எந்த அரசும் நடுவில் நிறுத்திவிடக் கூடாது. நம் மூத்த மிருதங்க வித்வான்களின் கைகளையும் இதுபோல் உட்காரவைத்து அளக்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மறுபுறம் 'மிட்பிரைன் ஆக்டிவேஷன்' என்று பிள்ளைகளின் கண்ணைக் கட்டிவிட்டுப் படிக்கவைப்பதாகச் சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். பிள்ளை மூக்கோரச் சந்து வழியாகப் பார்க்கிறது. துணியைச் சரியாகக் கட்டினால் வித்தை நின்றுவிடும். படித்த பெற்றோரே பணம் கட்டுகிறார்கள் என்பது எனக்குத் தாங்கவில்லை.

ஏனென்றால் கண் இல்லாமல் பார்ப்பது என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. தட்டச்சர்களுக்கு முன்னே திரை இருந்தது. ரூபின்ஸ்டைனுக்கு விழித்திரையின் நடுப்பகுதி சிதைந்து, கடைசி ஆண்டுகளில் நேரெதிரே பார்ப்பது தெரியாமல் போனது. அந்த நிலையில்தான் 1975இல், 88 வயதில், லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவோடு கான்செர்ட்டோக்கள் வாசித்தார். ஹொர்ஷாவ்ஸ்கிக்கும் கடைசியில் பார்வை அநேகமாகப் போய்விட்டது, இசைத்தாளைப் படிக்க முடியாது. அவர்கள் முன்னால் ஓடிப் படித்தது உள்ளே இருக்கும் தாளை, பல்லாயிரம் முறை கேட்டு எழுதிவைத்த தாளை. அந்தச் சாளரத்தின் அகலத்தை எந்தக் கண்நோயும் குறைக்கவில்லை.

ஹொர்ஷாவ்ஸ்கி 1993 மே மாதம், 101ஆவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் இருக்கையில் காலமானார். அதற்கு முந்தைய வாரமும் ஒரு மாணவருக்குப் பாடம் எடுத்திருந்தார்.