பந்தியில் தொடங்கும் நீரிழிவுத் தடுப்பு

திருவிழாக் காலங்களில் கோயில் வாசலிலோ தேவாலய வளாகத்திலோ பள்ளிவாசல் முன்போ பந்தல் போட்டு இலவசச் சர்க்கரைப் பரிசோதனை நடத்துவது இப்போது தமிழ்நாடு முழுவதும் வழக்கமாகிவிட்டது. நீரிழிவு மருத்துவர் என்ற முறையில் அத்தகைய முகாம்களில் நானும் அமர்ந்திருக்கிறேன். அழைத்தால் இனியும் செல்வேன். ஆனாலும், ஒரு வழிபாட்டுத் தலம் தன் மக்களை நீரிழிவிலிருந்து காக்கச் செய்யக்கூடியவற்றுள் மிகக் குறைந்த பயன் தருவது அந்த முகாம்தான் என்பது என் கருத்து. வயிறார அன்னதானம் உண்டுவிட்டு வரிசையில் வந்து நிற்பவரின் விரல் நுனியில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம், அவருக்கு நோய் முற்றியிருந்தால் அதைக் காட்டும். நோய்க்கு முந்தைய நிலையில் அவர் இருக்கிறாரா என்பதைக் காட்டாது. தடுப்பு என்பதோ அந்த முந்தைய நிலையில் இருப்பவர்களுக்கே உரியது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு முன்நீரிழிவும் இருப்பதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதத்தினர் நீரிழிவு உடையவர்கள். வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 100 முதல் 125 மில்லிகிராம் வரையிலோ, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரையிலோ இருந்தால் அதை முன்நீரிழிவு எனக் கொள்கிறோம். இந்த நிலையில் இருப்பவருக்கு வலி இல்லை, தாகம் இல்லை, மருத்துவரைத் தேடி வர ஒரு காரணமும் இல்லை.

இவர்களில் பலரை நோய்க்குள் நழுவாமல் நிறுத்த முடியும் என்பதற்கான சான்று சென்னையிலேயே உருவானது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவையும் நடையையும் மாற்றிக்கொண்ட குழுவினருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு, ஒப்பீட்டுக் குழுவினரைவிட 28.5 சதவீதம் குறைந்தது. நீரிழிவுக்குத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கும் ஏறத்தாழ அதே அளவு பயன்தான் கிடைத்தது. இரண்டையும் சேர்த்துச் செய்தபோது கூடுதல் லாபம் எதுவும் தெரியவில்லை. எடை பெரிதாகக் குறையாமலேயே இந்தப் பலன் கிடைத்தது என்பது, ‘எனக்கு எங்கே டாக்டர் எடை குறையப் போகிறது’ என்று சலித்துக்கொள்பவர்களுக்கு நான் தவறாமல் சொல்லும் செய்தி.

ஆனால் அந்த ஆய்வில் பங்கேற்றவர்களை ஒரு குழு ஆண்டுக்கணக்கில் விடாமல் தொடர்புகொண்டு நினைவூட்டிக்கொண்டே இருந்தது. சில மாதங்களுக்கு ஒரு முறை பத்து நிமிடம் பார்க்கும் மருத்துவமனையால் அதைச் செய்ய இயலாது. வாரந்தோறும் அதே முகங்கள் கூடும் இடம், ஒன்றாக அமர்ந்து உண்ணும் இடம், ‘இன்று இதை உண்ணாதே, இத்தனை நாள் இதை விலக்கு’ என்று சொன்னால் கேட்கப்படும் இடம் என்று நம் ஊர்களில் தேடினால், எஞ்சுவது வழிபாட்டுத் தலம்தான். அமெரிக்காவில் நீரிழிவுச் சங்கம் ‘புராஜெக்ட் பவர்’ என்ற பெயரில் ஆப்பிரிக்க அமெரிக்கத் திருச்சபைகளின் வழியாக மக்களை அணுகியதற்கும் அடிப்படை இதுவே. நம்மிடம் இன்னொரு வசதி கூடுதலாக இருக்கிறது: நம் தலங்கள் சமைத்துப் பரிமாறுகின்றன.

எனவே தொடங்க வேண்டிய இடம் மடப்பள்ளியும் பந்தியும். ‘சாமி பிரசாதம் சர்க்கரையை ஏற்றாது’ என்று நோயாளிகள் சொல்வதைக் கேட்காத மருத்துவர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். அவர்களிடம் பிரசாதத்தை மறுக்கும்படி நான் சொல்வதில்லை. உள்ளங்கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றி வாயில் இடும் அளவு சர்க்கரைப் பொங்கலோ பஞ்சாமிர்தமோ யாரையும் நோயாளி ஆக்கிவிடாது. பெரிய தொன்னை நிறைய வாங்கி அதையே காலை உணவாக்கிக்கொண்டு, வீட்டுக்கும் ஒரு பொட்டலம் எடுத்துச் செல்வதில்தான் சிக்கல் இருக்கிறது. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் தேனும் தீங்கற்றவை என்ற நம்பிக்கையும் இதோடு சேர்ந்துகொள்கிறது. வெல்லத்தில் சிறிதளவு தாதுப்பொருள்கள் இருப்பது உண்மை. அதன் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ் என்பதும் உண்மை. ரத்தத்திற்கு நிறம் தெரியாது.

ஆகம விதிப்படி இறைவனுக்குப் படைக்கப்படும் நிவேதனத்தில் கை வைக்க வேண்டும் என்று எந்த மருத்துவரும் சொல்லத் தேவையில்லை. படைப்பது ஒன்று, கூட்டத்திற்காகப் பெருக்கிச் சமைத்து விநியோகிப்பது வேறு. பின்னதை முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் உபயதாரர்கள். ‘அப்பா பெயரில் நூறு படி சர்க்கரைப் பொங்கல்’ என்று எழுதிக்கொடுக்க வருபவரிடம், ‘ஐம்பது படி பொங்கல், ஐம்பது படி சுண்டல் என்று வைத்துக்கொள்ளலாமா’ என்று கேட்க வேண்டியவர் அலுவலகத்தில் ரசீது எழுதுபவர். அவரிடம் பேசி இசைய வைப்பது, நூறு பக்தர்களுக்கு முன்னால் சொற்பொழிவு ஆற்றுவதைவிடப் பயனுள்ள வேலை என்று நான் நினைக்கிறேன். நவராத்திரியின் ஒன்பது நாளும் கொண்டைக்கடலை, பாசிப்பயறு, மொச்சை, காராமணி என்று சுண்டல் கொடுக்கும் மரபு நம்மிடம் ஏற்கெனவே இருப்பதால், இதைப் புதுமை என்று யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை.

பயறு ஏன் முக்கியம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியர்களின் அன்றாட ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாகவும், அதில் ஒரு சிறு பங்கைப் பயறு, பால் வகைப் புரதங்களால் ஈடுசெய்தாலே நீரிழிவு அபாயம் குறைவதாகவும் அதே தேசிய ஆய்வுக் குழு பின்னர் கண்டறிந்தது. புளியோதரை, தயிர்ச் சாதம், வெண்பொங்கல், சர்க்கரைப் பொங்கல் என நம் பிரசாதப் பட்டியல் முழுக்க முழுக்க அரிசி. சிலர் உடனே ‘அரிசிக்குப் பதில் சிறுதானியம்’ என்று கிளம்புகிறார்கள். தீட்டிப் பளபளப்பாக்கிய வரகும் சாமையும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். அதிலும் அவற்றை வெல்லப் பொங்கலாகச் சமைத்தால் சொல்ல வேண்டியதில்லை.

அன்னதானத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு எச்சரிக்கை தேவை. தமிழக அரசின் கோயில் அன்னதானத் திட்டம் 2002-இல் தொடங்கியது. 2012 முதல் பழனியிலும் திருவரங்கத்திலும் நாள் முழுவதும் உணவு வழங்கப்படுகிறது. அந்தப் பந்தியில் அமர்பவர்களில் கணிசமானோருக்கு அது அன்றைய ஒரே முழு உணவு. பிள்ளைகளைச் சார்ந்திருக்க விரும்பாத முதியவர்கள் அங்கே நாள்தோறும் வந்து உண்கிறார்கள். ஆகவே இங்கே சோற்றைக் குறைப்பது என்ற பேச்சை எடுக்கக் கூடாது. காய்கறியையும் பருப்பையும் கூட்டுவது என்றுதான் பேச வேண்டும். கூட்டையும் பொரியலையும் முதலில் தாராளமாக வைத்துவிட்டு, சோற்றை இலை நிறையக் கொட்டாமல் ‘எவ்வளவு வைக்கட்டும்’ என்று கேட்டுப் பரிமாறினால், வேண்டியவர் வேண்டிய மட்டும் உண்பார். வேண்டாதவருக்கும் வற்புறுத்தல் இருக்காது. முதலில் காயும் பருப்பும், பிறகு சோறு என்ற வரிசைக்கே உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையைத் தணிக்கும் தன்மை உண்டு. தென்மாவட்டத் தேவாலயங்களின் அசன விருந்துக்கும் இதே யோசனை பொருந்தும். அங்கே ஆட்டுக்கறிக் குழம்பு இருப்பதால் புரதத்திற்குக் குறைவில்லை. காய்கறிதான் இலையின் ஓரத்தில் பேருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும்.

ரமலான் மாதத்தில் பள்ளிவாசல்களில் வழங்கப்படும் நோன்புக் கஞ்சியைப் பற்றி எனக்குக் குறையொன்றும் இல்லை. குருணை அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் சேர்ந்த அந்தக் கஞ்சி, நாள் முழுதும் வெறுமையாய் இருந்த வயிற்றுக்குப் பொருத்தமானது. ஒரு கிண்ணத்தோடு நிறுத்தாமல், அதனுடன் சமோசா, வடை, ரோஸ் சர்பத் என்று சேர்ந்துகொள்வதுதான் மாத முடிவில் எச்பிஏ1சியில் தெரிகிறது.

நோன்பில் கவனிக்க வேண்டிய பெரிய அபாயம் வேறு. பதின்மூன்று நாடுகளில் நடந்த ‘எபிடியார்’ ஆய்வு, ரமலான் மாதத்தில் கடுமையான தாழ்சர்க்கரை நிலை, உடலில் இன்சுலின் சுரப்பே ஏறத்தாழ நின்றுபோன முதல் வகை நீரிழிவில் 4.7 மடங்கும், பரவலாகக் காணப்படும் இரண்டாம் வகையில் 7.5 மடங்கும் கூடியதைக் காட்டியது. இன்சுலினும் கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரைகளும் எடுப்பவர்கள், ரமலான் தொடங்குவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து அளவையும் நேரத்தையும் மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை 70-க்குக் கீழே போனாலும் 300-ஐத் தாண்டினாலும் அன்றைய நோன்பைத் திறந்துவிட வேண்டும். விரலில் குத்திச் சோதித்தால் நோன்பு முறிந்துவிடும் என்று அஞ்சிப் பலர் சோதிப்பதே இல்லை. அது முறிக்காது என்று மார்க்க அறிஞர்கள் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். இதை நான் சொன்னால் ‘சரி டாக்டர்’ என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள்; ரமலானுக்கு முந்தைய ஜும்ஆ உரையில் இமாம் சொன்னால் செய்வார்கள்.

இந்து விரதங்களிலும் இதே குழப்பம் வேறு வடிவில் வருகிறது. சபரிமலைக்கு மாலை போட்டவர் 41 நாட்கள் மதுவையும் புகையையும் தொடாமல் இருப்பதை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். ஓராண்டு அறிவுரையால் நடக்காதது அந்த மாலையால் நடக்கிறது. ஆனால் அதே மாலைக்காகச் சிலர் மாத்திரையையும் நிறுத்துகிறார்கள். சிலர் பகல் முழுதும் பட்டினி இருந்துவிட்டு மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொள்கிறார்கள். பின்னது இன்னும் ஆபத்தானது. மாலை போட்டுவிடும் குருசாமியே ‘சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கார்த்திகைக்கு முன் எனக்கு வேலை கூடும். அது நல்ல வேலை. உணர்ச்சி மரத்த பாதங்கள் உள்ளவர் வெறுங்காலுடன் பழனிக்கோ வேளாங்கண்ணிக்கோ நடப்பதும், தீ மிதிப்பதும் தனிக் கட்டுரைக்கு உரியவை. கால் எரிச்சலோ மரத்துப்போதலோ இருப்பவர்கள் புறப்படும் முன் பாதப் பரிசோதனை செய்துகொள்ளட்டும் என்று மட்டும் இங்கே சொல்லி நகர்கிறேன்.

வாரத்திற்கு 150 நிமிட நடை என்று எல்லா வழிகாட்டுதல்களும் சொல்கின்றன. சிறு நகரத்தில் ஐம்பது வயதுப் பெண்ணிடம் அதைச் சொன்னால் ‘எங்கே நடப்பது’ என்று கேட்பார். சாலையில் நாய், லாரி, போதாக்குறைக்குத் தெருவே திரும்பிப் பார்க்கும். கோயிலின் வெளிப் பிரகாரத்திலோ தேவாலய வளாகத்திலோ அவர் சுற்றி வந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மாலை வேளையில் அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் என்று ஒரு பெண்கள் குழு அமைந்துவிட்டால், யாராவது ஒருவர் வராத நாளில் அடுத்தவர் கதவைத் தட்டுவார். வெயில் காலத்தில் கல் தளத்தில் தேங்காய் நார் விரிப்பு போடும் நிர்வாகங்கள் அதை நடைப்பாதை முழுவதற்கும் நீட்டிக்கலாம். மாதம் ஒரு முறை பௌர்ணமியில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போய்வந்து கணக்குத் தீர்ந்ததாக எண்ணுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பக்தியைக் குறை சொல்லவில்லை. இன்சுலின் வேலை செய்யும் திறனில் ஒரு நாள் நடையின் பலன் இரண்டொரு நாளில் வடிந்துவிடும்.

கடுமையாகச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குணமளிக்கும் கூட்டத்திலோ தர்காவிலோ குறி சொல்லும் இடத்திலோ ‘உனக்கு நோய் நீங்கிவிட்டது, இனி மருந்து வேண்டாம்’ என்ற சொல்லைக் கேட்டு இன்சுலினை நிறுத்திவிட்டு, மூச்சு வாங்கியபடி தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர்களை எந்த நீரிழிவு மருத்துவரும் பார்த்திருப்பார். முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. ஜெபிக்கட்டும், ஓதட்டும், நேர்ந்துகொள்ளட்டும். ‘மருந்தை நிறுத்தாதே’ என்பதையும் அந்த வாயாலேயே சொல்லட்டும். இதைச் சொல்லத் தயங்கும் தலைவர் நடத்தும் ஆரோக்கிய முகாமுக்கு நான் போவதில்லை.

முகாம் என்ற ஒன்று வேண்டும் என்றால், அதைக் குத்தூசியோடு தொடங்காமல் அளவு நாடாவோடு தொடங்கலாம். சென்னையில் உருவாக்கப்பட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் நான்கே கேள்விகளால் ஆனது: வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நீரிழிவு உண்டா என்பது. நூற்றுக்கு 60 அல்லது அதற்கு மேல் பெற்றால் அபாயம் அதிகம். தேவாலயத்தின் பெண்கள் ஐக்கிய சங்கத்து உறுப்பினர்களோ ஜமாஅத்தின் இளைஞர்களோ ஒரு பிற்பகலில் இதைக் கற்றுக்கொண்டுவிடலாம். அதிக மதிப்பெண் பெற்றவர்களை மட்டும் வெறும் வயிற்றுடன் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பினால், அங்கே பரிசோதனை இலவசம். நோய் உறுதியானவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக மருந்து வீட்டுக்கே வருகிறது. முன்நீரிழிவு என்று தெரிந்தவர்கள் நடைக் குழுவில் சேர்ந்து, ஆண்டுக்கு ஒரு முறை மீண்டும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

யாருக்கு என்ன அளவு வந்தது என்பதை விண்ணப்ப ஜெபப் பட்டியலில் வாசிப்பதோ அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதோ கூடாது. திருமணத்திற்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் அந்த ஒரு வரி என்ன செய்யும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அப்படி ஒரு முறை நடந்துவிட்டால் அடுத்த ஆண்டு யாரும் இடுப்பளவு கொடுக்கக்கூட வரமாட்டார்கள். பெயரும் அளவும் எழுதிய நோட்டு, விழாக் குழுவின் மேசையில் கிடக்காமல், அந்தச் சபையிலேயே செவிலியராகவோ மருந்தாளுநராகவோ இருக்கும் ஒருவரின் பொறுப்பில் பூட்டி வைக்கப்பட வேண்டும்.