கசிவின் நிறத்தைப் பாருங்கள்: சொந்தமாகச் சிற்றணை வைத்திருப்பவர்களுக்கு

ஓடையை மறித்து மண்கரை போட்டு, பாசனத்துக்கோ மீன் வளர்ப்புக்கோ தண்ணீர் தேக்கி வைத்திருப்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். அணைகளின் பாதுகாப்பை ஆய்வு செய்வது என் தொழில். கரையடியில் ஈரத்தைக் காட்டிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "நாங்க வாங்கினதிலிருந்தே அப்படித்தான் சார் ஒழுகுது." அடுத்த கேள்விக்குத்தான் பதில் இருப்பதில்லை. போன வருடம் தண்ணீர் இதே மட்டத்தில் நின்றபோது எவ்வளவு ஒழுகியது?

மண் அணை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிவாக, ஒரே அளவில் வரும் கசிவைக் கண்டு நான் பதறுவதில்லை. அது கூடினாலோ, கலங்கினாலோ, நேற்றுவரை காய்ந்திருந்த இடத்தில் தலைகாட்டினாலோதான் கவலை. கரைக்குள் மண் அரிபடத் தொடங்கிவிட்டது என்பதற்கு, வெளியே நிற்பவருக்குக் கிடைக்கும் முதல் தகவல் பெரும்பாலும் அதுதான். ஆனால் பழைய அளவு தெரியாதவருக்கு மாற்றம் எப்படித் தெரியும்?

"இது சின்ன அணைதானே" என்பார்கள். ஒரு ஹெக்டேர் பரப்பில் சராசரி 3 மீட்டர் ஆழம் நிற்கும் தண்ணீரின் எடை 30,000 டன். அது ஒரே மூச்சில் பள்ளத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை ஏற்கெனவே பலமுறை பார்த்தாகிவிட்டது. 1977 நவம்பர் 6 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஒரு கல்லூரிக்குச் சொந்தமான கெல்லி பார்ன்ஸ் அணை நள்ளிரவுக்குப் பின் உடைந்து 39 பேர் இறந்தார்கள். அணையின் உயரம் சுமார் 12 மீட்டர்தான். 2006 மார்ச்சில் ஹவாயின் கௌவாய் தீவில் கா லோகோ என்ற தனியார் அணை விடியும் முன் உடைந்து 7 பேரைக் கொண்டுபோனது. 2018 மே மாதம் கென்யாவின் சோலாய் பகுதியில், பெருந்தோட்டம் ஒன்றின் அணை இரவில் உடைந்து 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மூன்றும் இருட்டில் நடந்தவை. கீழே இருந்தவர்களில் பலருக்கு ஓட நேரமே கிடைக்கவில்லை.

அணை எவ்வளவு உறுதி என்பது ஒரு கேள்வி. அது உடைந்தால் யார் போவார்கள் என்பது முற்றிலும் வேறு கேள்வி. எங்கள் துறையில் ஆபத்து வகைப்பாடு என்பது இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது. நன்றாகக் கட்டி நன்றாகப் பராமரித்த அணையும், கீழே நான்கு குடும்பங்கள் உறங்கினால், உயர் ஆபத்து வகையில்தான் வரும். இந்த வகை மாறாமல் இருப்பதுமில்லை. கரை போட்ட நாளில் கீழே வெறும் மேய்ச்சல் நிலம் இருந்திருக்கும்; பிறகு ஒரு வீடு வந்திருக்கும், ஒரு சாலை வந்திருக்கும், வேலையாட்கள் தங்கும் கொட்டகை வந்திருக்கும். அணையில் ஒரு கல்கூட நகராமலே அதன் ஆபத்து ஏறிவிடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது ஓடை வழியே கீழ்நோக்கி நடந்து பாருங்கள் என்று உரிமையாளர்களிடம் நான் மன்றாடுவது இதற்காகத்தான்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. இந்தியாவின் 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், சில நிபந்தனைகளுக்குள் வரும் 10 முதல் 15 மீட்டர் அணைகளையும்தான் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. இங்கிலாந்தில் 25,000 கனமீட்டர் கொள்ளளவு எல்லைக்கோடு. கோட்டுக்குக் கீழே இருக்கும் அணைகளைக் கவனிக்க மிஞ்சுவது உரிமையாளரின் கண்கள்தான்.

சரி, எப்படிக் கவனிப்பது? கசிவு நீர் ஓரிடத்தில் சேர்ந்து விழும்படி சிறு வாய்க்கால் வெட்டி, நுனியில் ஒரு குழாயைச் செருகுங்கள். 20 லிட்டர் வாளியை வைத்து, அது நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று கைபேசியில் பாருங்கள். அவ்வளவுதான் கருவி. கசிவு வாளிக்கு அடங்காத அளவு என்றால், நடுவில் 90 பாகை முக்கோணம் வெட்டிய தகட்டைக் குறுக்கே நிறுத்தி, முக்கோணத்தின் அடிமுனையிலிருந்து தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளக்கலாம். தகட்டை ஒட்டி நீர்மட்டம் சரிந்திருக்கும் என்பதால் தண்ணீர் வரும் பக்கம் சற்றுத் தள்ளி அளக்க வேண்டும். 5 செ.மீ. நின்றால் நொடிக்குச் சுமார் 0.8 லிட்டர். 10 செ.மீ. நின்றால் 4.4 லிட்டர். உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல் கூடிவிடும். ஆகவே தகட்டில் ஒரு விரலளவு ஏற்றத்தைச் சின்னது என்று விட்டுவிடாதீர்கள்.

நோட்டில் தேதி, அணையின் நீர்மட்டம், முந்தைய சில நாட்களின் மழை, கசிவின் அளவு, நிறம் ஆகியவற்றை எழுதுங்கள். நீர்மட்டத்தை எழுதாத கணக்கு எனக்கு உதவாது. தண்ணீர் ஏறினால் கசிவும் கூடுவது இயல்பு. அதே மட்டத்தில், மழையில்லாத நாளில் கூடியிருந்தால்தான் அது செய்தி. கூடவே கண்ணாடிப் பாட்டில் ஒன்றில் கசிவு நீரைப் பிடித்து ஒருநாள் அசையாமல் வையுங்கள். அடியில் வண்டல் படிந்தால் அது உங்கள் கரையின் மண்ணாகவும் இருக்கலாம்.

எனக்குத் தெரிந்த ஓர் உரிமையாளர் இந்த நோட்டைச் சலிக்காமல் எழுதிவந்தார். வாளி நிரம்ப எப்போதும் 40 நொடி ஆகும். ஒரு வாரம் 33 ஆனது. அடுத்த வாரம் 25. மழை இல்லை, நீர்மட்டமும் மாறவில்லை. பாட்டிலின் அடியில் மெல்லிய படலம் தெரிந்ததும் என்னை அழைத்தார். மதகைத் திறந்து, சைஃபன் குழாய்களும் போட்டு நீரை இறக்கிய பிறகு தோண்டிப் பார்த்தோம். கரைக்குக் குறுக்கே போன பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்துப் பொத்தலாகி, சுற்றியிருந்த மண்ணை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. குழாயை ஒட்டி ஒரு கை நுழையும் அளவுக்குப் பொந்து. கரையின் மேற்பரப்பில் ஒரு விரிசல்கூட இல்லை. அந்த நோட்டு இல்லாவிட்டால் அந்தப் பொந்தை நானும் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

குழாய் போகும் இடம் எப்போதும் கரையின் பலவீனமான இடம். அதைச் சுற்றி மண்ணை இறுக்கித் திமிசு போடுவது கடினம். 1982 ஜூலையில் கொலராடோவில் உடைந்த லான் லேக் அணை சுமார் 8 மீட்டர் உயரம் கொண்டது, ஒரு பாசன நிறுவனத்துக்குச் சொந்தமானது. வெளியேற்றுக் குழாயும் வால்வும் சேரும் இடத்தில் ஈய அடைப்பு சிதைந்து, அங்கே தொடங்கிய அரிப்பு கரையையே தின்றுவிட்டது. மூவர் இறந்தனர். அந்த அதிகாலையில் குப்பை அள்ள வந்த ஒருவர் வெள்ளத்தின் இரைச்சலைக் கேட்டு உடனே தொலைபேசியில் சொன்னதால் பலர் தப்பினார்கள்.

கலங்கிய கசிவைக் கண்டவுடன் பலர் செய்யும் தவறு, வெளிப்பக்கம் தண்ணீர் வரும் வாயைக் களிமண்ணாலோ சிமென்டாலோ அடைப்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். அடைபட்ட நீரின் அழுத்தம் உள்ளே ஏறி வேறிடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். தண்ணீர் போகட்டும், மண் போகக் கூடாது. அதற்குக் கசிவின் மேல் முதலில் மணல், அதன்மேல் சிறு சரளை, பிறகு பெரிய கல் என்று அடுக்க வேண்டும். அதே நேரத்தில் அணையின் நீரை இறக்கத் தொடங்க வேண்டும். அவசரமில்லாத நாட்களில் ஒரு நாளைக்கு 30 செ.மீ.க்கு மேல் இறக்க நான் சம்மதிப்பதில்லை, ஏனெனில் ஈரம் ஊறிய உட்கரை சரிந்துவிடும். கரையே போகும் நிலை என்றால் கணக்கு வேறு. உட்கரை சரியும் அபாயத்தையும் ஏற்றுக்கொண்டு வேகமாக இறக்க வேண்டியிருக்கும்.

அணை நிறைந்ததும் உபரிநீர் வெளியேறும் வழியான கலிங்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மண்கரையின் தலைக்கு மேல் தண்ணீர் வழிந்தால் பெரும்பாலும் அது மிஞ்சாது. 1889 மே 31 அன்று பென்சில்வேனியாவில் உடைந்து 2,209 பேரைக் கொன்ற சவுத் ஃபோர்க் அணை, மீன்பிடிப்புக்கும் வேட்டைக்குமான ஒரு தனியார் மன்றத்துக்குச் சொந்தமானது. சுமார் 22 மீட்டர் உயரம் என்பதால் அது சிற்றணை அல்ல. ஆனால் அங்கே நடந்த தவறுகளைச் சிற்றணைகளில் இன்றும் பார்க்கிறேன். அடிமட்ட வெளியேற்றுக் குழாய்களை எடுத்துவிட்டு மாற்று வைக்கவில்லை. வண்டி போக வசதியாகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பாமல் இருக்க உபரிநீர் வழியில் வலைத்தடுப்பு வைத்தார்கள். பெருமழையில் அதில் குப்பை அடைத்துக்கொண்டது. மீன் வளர்ப்பவர்களே, கலிங்கில் வலை கட்டியிருந்தால் இன்றே அவிழ்த்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிற்கட்டும் என்று கலிங்கின் மேல் மணல் மூட்டை அடுக்கியிருந்தால் அதையும் எடுங்கள்.

கரையில் வளரும் மரம், எலி வளை, நண்டு வளை, கரையான் புற்று எல்லாமே தண்ணீருக்கு வழிகாட்டக்கூடியவை. செடியாக இருக்கும்போதே பிடுங்குங்கள். பெரிய மரமாகிவிட்டால், அணை நிறைந்திருக்கும்போது வேரோடு தோண்டாதீர்கள். அதற்காக அப்படியே விட்டுவிடவும் முடியாது. பட்டுப்போன மரத்தின் வேர் மட்கினால் அதுவே குழாயாகும். நீரை இறக்கி, வேரை எடுத்து, குழியை அடுக்கடுக்காக இறுக்கி நிரப்ப வேண்டும்.

புதிதாகக் கரை போடுபவர்கள் மண்கட்டி ஒன்றைத் தெளிந்த தண்ணீருள்ள கண்ணாடி டம்ளரில் கிளறாமல் போட்டுப் பாருங்கள். அதைச் சுற்றிப் புகைபோலக் கலங்கல் பரவினால் அது நீரில் தானே கரையும் மண். ஆய்வகச் சோதனையும் பொறியாளரின் ஆலோசனையும் இல்லாமல் அந்த மண்ணில் கரை எழுப்பாதீர்கள்.

உணர்மானிகள், கேமராக்கள் பற்றியும் கேட்கிறார்கள். வசதி இருந்தால் வையுங்கள், நல்லதுதான். கரைக்குள் நீர்மட்டம் காட்டும் பீசோமீட்டர் குழாய்கள் இரண்டு மூன்று இருந்தால் எனக்கு இன்னும் நல்லது. ஆனால் கரையைக் காலால் நடந்து பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள். சாதாரண நாட்களில் வாரம் ஒருமுறை, பெருமழையின்போது பகலில் பலமுறை, அணை முதன்முறை நிரம்பும்போது தினமும்.

கடைசியாக ஒரு தாள். அதில் கீழே உள்ள ஒவ்வொரு வீட்டின் தொலைபேசி எண், உள்ளூர்க் காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், மதகை இயக்கத் தெரிந்த இருவர், பொறியாளர் ஒருவர், இரவில் வந்து சேரக்கூடிய மண்வாரி இயந்திரக்காரர் எல்லாம் இருக்கட்டும். யாரை முதலில் அழைப்பது என்பதையும் எழுதுங்கள்: கீழே மிக அருகில் இருக்கும் வீட்டை. மதகின் சாவி எங்கே தொங்குகிறது என்பதையும் எழுதுங்கள். எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்பு எல்லாவற்றையும் ஒருமுறை அழைத்துப் பார்த்துச் சரிசெய்துவிடுங்கள்.